வயிற்றை மட்டும் பார்த்த ஸ்கேன்

2004 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை, மாலை நாலு பத்து. காலையிலிருந்து உன் அம்மா நான்காவது முறையாகப் புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள். உனக்கு ஒரு வயது எட்டு மாதம். என் வேலைப் பையைக் கவிழ்த்துப் போட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். குத்துகிற சாமான்களை எல்லாம் எடுத்து மேலே வைத்துவிட்டேன். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நீ தர மறுக்கிறாய், வைத்துக்கொள்.

உனக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது இதைப் படி. மகனுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்து, வேலையெல்லாம் முடிந்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. அவ்வளவு நாள் என்னால் காத்திருக்க முடியாது. திங்கட்கிழமை காலை பத்தரைக்கு வேலூரில் உன் அம்மாவுக்கு ஒரு ஸ்கேன் எடுக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். அவள் வரமாட்டேன் என்கிறாள். என் தொழில் ஸ்கேன் மெஷின் ரிப்பேர். வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரை எந்த நர்சிங் ஹோமில் எந்த மெஷின், அதில் எந்த போர்டு எப்போது போகும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். என் மனைவியை இந்த ஒரு ஸ்கேன் ரூமுக்குள் கூட்டிப்போக என்னால் முடியவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெயர் இல்லாமல் இதை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். அம்மாவிடம் கேட்டேன். "என் பேரு போடாதீங்க. ஆம்பூர்னு வேணா போட்டுக்கோங்க. ஆம்பூர்ல எத்தினியோ பொம்பளைங்க, எத்தினி பேருக்கு இருக்கோ யாரு கண்டா" என்றாள்.

நேராகச் சொல்கிறேன். உன்னைப் பெற்ற பிறகு உன் அம்மாவால் மலத்தை அடக்க முடியவில்லை. வருகிறது என்று தெரிந்து எழுந்து நடப்பதற்குள் வந்துவிடுகிறது. சில நாள் வருவதே தெரிவதில்லை. உன்னைத் தூக்கக் குனிந்தால் வரும், இருமினால் வரும். பிரிவது காற்றா மற்றதா என்று அவளாலேயே சொல்ல முடிவதில்லை. நீ நாலு கிலோவுக்கு மேல். வலி எடுத்து இரண்டாம் நாளும் நீ இறங்கவில்லை. கடைசியில் ஆயுதம் போட்டார்கள். பெரிய கரண்டி மாதிரி இரண்டு இரும்பைத் தலைக்கு இரு பக்கமும் கொடுத்து இழுப்பதற்கு ஊரில் அப்படித்தான் பெயர். இழுக்காமல் விட்டிருந்தால் நீ இல்லை, ஒருவேளை அவளும் இல்லை. இதைப் படித்ததும் 'என்னாலதானா' என்று உனக்குத் தோன்றும். உன்னால் இல்லை. வெளியே கிழிந்ததைத் தைத்தார்கள், தையல் ஆறியது. உள்ளே மலவாயைச் சுற்றி வளையம் மாதிரி தசை இருக்கிறது. பையின் வாயைச் சுருக்கிப் பிடிக்கும் கயிறு மாதிரி அதன் வேலை. அது முழுசாக இருக்கிறதா, ஒரு பக்கம் அறுந்துபோயிருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. இன்று வரை பார்க்கவில்லை. திங்கட்கிழமை பார்க்க இருப்பது அதைத்தான்.

நாற்பதாம் நாள் செக்கப்புக்குப் போனபோது நர்சிடம் உன் அம்மா மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். "புள்ள பெத்தா எல்லாம் லூசாத்தான் இருக்கும், போகப் போக இறுகிடும்" என்று அந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் அம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. உனக்கு ஆறு மாதம் ஆனதும் பழையபடி வேலைக்குப் போனாள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற கம்பெனி, இவளுக்குத் தையலைப் பரிசோதிக்கிற வேலை. ஒரு லைனில் நாற்பது பெண்கள், பாத்ரூம் போக இரண்டே டோக்கன். ஆணியில் தொங்குகிற டோக்கனை எடுத்துக்கொண்டு போகிறவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். உன் அம்மா போனால் சீக்கிரம் வரமாட்டாள், வந்தால் உடனே மறுபடியும் போவாள். "இன்னாம்மா, பேசாம அந்த டோக்கன நீயே கழுத்துல போட்டுக்கோயேன், தாலி மாரி" என்று சூப்பர்வைசர் கத்தினானாம். லைனே சிரித்தது. இரண்டு வாரம்கூட முடியவில்லை, நின்றுவிட்டாள். 'புள்ள ஏங்குது' என்று என்னிடம் காரணம் சொன்னாள். நானும் நம்பினேன். வீட்டில் நீ ஏங்கி நான் பார்க்கவே இல்லை. இருந்தாலும் நம்பினேன், அது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு ஒரு நாள், "வயிறு சரியில்லைங்க" என்றாள். அவள் வாயில் வந்தது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது, உடனே காரியத்தில் இறங்கினேன். குடியாத்தத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் எனக்குப் பழக்கம், மெஷின் என் கையில் உயிர் பிழைத்தது. அங்கே கூட்டிப்போனேன். தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்த பெண், "இன்னா, அதுக்குள்ள ரெண்டாவதா? இதுக்கே இன்னும் நடை வரல போலருக்கே" என்று உன்னைக் காட்டிக் கேட்டாள். நம் ஊரில் ஒரு பெண் ஸ்கேனுக்கு வந்தால் பிள்ளைக்குத்தான் வந்திருக்கிறாள். கருப்பை நார்மல், சினைப்பை நார்மல், எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. நான் பிலிமை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம்தான் அந்த மெஷினுக்கு ஒரு போர்டு மாற்றியிருந்தேன். படம் சுத்தமாக வந்திருந்தது, ஒரு கோடுகூட இழுக்கவில்லை. "சூப்பரா வந்திருக்கு பாரு" என்று உன் அம்மாவிடம் நீட்டினேன்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள்.

"ஒண்ணுமே இல்ல."

அந்தப் படம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று அந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. வயிற்றின் மேல் வைக்கிற புரோப், அதாவது கையில் பிடிக்கிற அந்தக் கருவி, மூன்றரை மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். ஆழமாகப் போகும், நுணுக்கம் கம்மி. இடுப்பெலும்புக்கு அந்தப் பக்கம், கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இருக்கிற வளையத் தசை அதில் தெரியவே தெரியாது. வாசலில் நின்று வீட்டைப் படம் பிடித்துவிட்டு, கொல்லைக் கதவில் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. மெஷின் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நாங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னது. கேள்விதான் தப்பு. அந்தத் தப்புக் கேள்விக்கு வந்த 'நார்மல்' வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. ஸ்கேனிலேயே ஒன்றுமில்லையாம், மனசுதான் காரணம், ஜெபம் பண்ணு என்றார்கள் சொந்தக்காரர்கள். சர்ச்சில் கடைசிப் பெஞ்சில், கதவுப் பக்கம் உட்கார ஆரம்பித்தாள். திருவிருந்துக்கு எழுந்து முன்னால் போவதை விட்டாள். பிறகு சர்ச்சுக்குப் போவதையே விட்டாள்.

அப்புறம்தான் வீடு மாற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நல்ல தெருவில் இருந்தோம். தோல் பதனிடுகிற தொழிற்சாலைக்குப் பின்னால், கழிவு வாய்க்காலை ஒட்டி இந்த வீட்டைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்காரர் ரஹீம் பாய் நல்ல மனிதர். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தராமல் நின்றார். "தம்பி, முன்னாடியே சொல்லிட்றேன். வாடகை கம்மி, வாடை ஜாஸ்தி. பச்சைத் தோலு வர்ற நாள்ல ஈ மொய்க்கும். ரெண்டு மாசம் கழிச்சி வந்து பேஜார் பண்ணக் கூடாது" என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். "பரவால்ல பாய், பழகிடும்" என்றாள். அவள் அக்கா, உன் எஸ்தர் பெரியம்மா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், அதற்காகத்தான் என்று நினைத்தேன்.

எனக்கு வாடை பழகவில்லை. கம்பெனி ஆபீஸ் வேலூரில். இந்த ஜூன் மாதம் அங்கே சத்துவாச்சாரியில் மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு மாடி வீடு பார்த்து, அவளைக் கேட்காமலே சாவியையும் வாங்கி வந்துவிட்டேன். என் சுபாவம் அது. முடியாது என்றாள். ஏன் என்றேன். "இந்த நாத்தத்துல மனுசன் இருப்பானா? உனக்கு மூக்கு செத்துப்போச்சா?" என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னாள்.

"அங்க காத்து சுத்தமா இருக்கும்ங்க. இங்க எல்லாமே நாறுது. யாரும் என்னைத் தனியா மோந்து பாக்க மாட்டாங்க."

ஒன்றரை வருஷத்தையும் அவள் அங்கேயே சொல்லி முடித்தாள். அழவில்லை. ஏதோ பக்கத்து வீட்டுக்காரியின் கதை மாதிரி சொன்னாள். வெளியே போக வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானத்திலிருந்தே சாப்பிடுவதில்லை என்றும் அப்போதுதான் சொன்னாள். ஈஸ்டருக்கு அவள் மயங்கி விழுந்தபோது வெயில் என்று எல்லோரும் சோடா வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த வாரம் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் மானிட்டர் ரிப்பேருக்குப் போனேன். வேலை முடிந்ததும் அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மேடம், எங்க வீட்ல ஒரு கம்ப்ளைண்ட்" என்றேன், மெஷினுக்குச் சொல்கிற மாதிரி. அந்தம்மா முழுசாகக் கேட்டார். ஆயுதம் போட்டதா, குழந்தை எவ்வளவு எடை, எவ்வளவு கிழிந்தது என்று வரிசையாகக் கேட்டார். எவ்வளவு கிழிந்தது என்று நான் யாரையும் கேட்டதே இல்லை. பிறகு ஒரு அலமாரியைத் திறந்து ஒரு புரோப்பைக் காட்டினார். எனக்கு அதைத் தெரியும். விலைப்பட்டியலில் பார்த்திருக்கிறேன், ஆண்களின் புராஸ்டேட் பார்ப்பதற்கு என்றே நினைத்திருந்தேன். மலவாய்க்குள் வைத்துப் பார்ப்பது, ஒரு விரலைவிடக் கொஞ்சம் பருமன். அதிர்வெண் பத்து மெகாஹெர்ட்ஸ், ஆழமாகப் போகாது, நுணுக்கம் அதிகம். நுனி உள்ளே சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் ஒரு பக்கத்துப் படம் வராது, சுற்றிலும் முழு வட்டமாக வரும். உள் வளையம் கறுப்பாகத் தெரியும், அதற்கு வெளியே இருக்கிற வளையம் வெளுப்பாகத் தெரியும்.

"கடிகாரம் மாதிரி பாக்கணும்" என்றார் அந்தம்மா. "முன் பக்கம் பன்னண்டு. பிரசவத்துல கிழிஞ்சா பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். வளையம் அங்க விட்டுப்போயிருக்கும், சில பேருக்குப் பத்து மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் இருக்காது."

"அப்ப அதைத் தச்சிட்டா சரியாயிடுமா மேடம்?"

"இதான் என்ஜினியர்ங்க கிட்ட கோளாறு. படம் வந்துட்டா ரிப்பேர் ஆயிடுச்சின்னு நினைப்பீங்க." சிரிக்காமல்தான் சொன்னார். "வளையம் அறுந்தும் நல்லா இருக்கறவங்க இருக்காங்க. வளையம் முழுசா இருந்தும் நரம்பு அடிபட்டு அடக்க முடியாதவங்களும் இருக்காங்க. அதுக்கு அழுத்தம் பாக்கற டெஸ்ட் தனி. தச்சாலும் எல்லாருக்கும் கசிவு நிக்கும்னு நான் எழுதித் தர மாட்டேன். மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு, சாப்பாட்டுல மாத்தம் இருக்கு. ஆனா மொதல்ல பாக்கணும். கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி நீங்க பிராமிஸ் பண்ணி வைக்காதீங்க."

நான் பறந்து வந்து உன் அம்மாவிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். காகிதத்தில் வட்டம் போட்டேன், கறுப்பு, வெளுப்பு, பன்னிரண்டு மணி. அவள் உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "இன்னொரு ஸ்கேனா" என்றாள். அதற்கப்புறம் ஆறு வாரமாக இதே பேச்சு. கெஞ்சினேன், கோபித்தேன், பேசாமல் இருந்தேன். ஒரு கட்டத்தில் புத்தி கெட்டு, "ஆபீஸ்ல டெமோ மெஷின் இருக்கு, யாருக்கும் தெரியாம நானே பாத்துட்றேன்" என்றேன். ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கிற சட்டம் இருக்கிறது, பதிவு பண்ணாத இடத்தில் ஸ்கேன் மெஷினை வைத்தாலே உள்ளே தள்ளுவார்கள். அது இருக்கட்டும். படம் எடுக்க எனக்குத் தெரியும், படிக்கத் தெரியாது. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நான் இன்னா உங்க மெஷினா?" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சரிதான்.

வெட்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். டாக்டர் பெண்தான், ரூமில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள், போர்வை போர்த்துவார்கள், வலிக்காது, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று வெட்கத்துக்கான பதில்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தவள் தானாகவே ஆரம்பித்தாள்.

"இதுலயும் நார்மல்னு வந்துட்டா?"

"வந்தா நல்லதுதானே?" வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

"உங்களுக்கு நல்லது. எனக்கு? எங்கேயாவது அறுந்திருக்குன்னு சொன்னா, ஆமா அறுந்துபோச்சி, நான் இன்னா பண்ணுவேன்னு இருந்துக்குவேன். அங்கயும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா நான் யாரு? வேணும்னே பண்றவளா? பைத்தியமா? ஒரு தடவை நார்மல்னு எழுதிக் கொடுத்தாங்க. நீங்க பிலிமப் பாத்து சந்தோஷப்பட்டீங்க. அன்னிக்கி நைட்லேர்ந்து நான் வாய மூடிக்கினேன். இன்னொரு வாட்டி என்னால ஆவாதுங்க."

அவள் பயம் கிழிந்திருக்குமோ என்பதல்ல. கிழியாமல் இருக்குமோ என்பதுதான். எட்டு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். நார்மல் என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு பெண் பயந்து வெளியே வருவாள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. டாக்டரம்மா சொன்னதை, நரம்பு விஷயத்தை, அப்போதுதான் சொன்னேன். வளையம் சரியாக இருந்தாலும் நோய் நோய்தான், அதற்கும் டெஸ்ட் இருக்கிறது, அதையும் பார்ப்பார்கள் என்றேன். இத்தனை நாள் அதை ஏன் சொல்லவில்லை? வளையம் அறுந்திருக்கும், தைத்துவிடலாம் என்று நானே தீர்மானம் பண்ணிவிட்டேன். எனக்கு ரிப்பேர் பண்ணக்கூடிய கோளாறு வேண்டியிருந்தது.

அவள் மடித்த புடவையையே மறுபடியும் பிரித்து மடித்தாள். "நீங்க உள்ள வருவீங்களா?" என்றாள்.

"விட்டா வருவேன்."

"வந்தா மெஷினத்தான் பாப்பீங்க. எனக்குத் தெரியாதா? என்னைப் பாக்க மாட்டீங்க."

அதோடு பேச்சு நின்றது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்று காலையில் மறுபடியும் கேட்டேன், வரமாட்டேன் என்றாள். இன்று நல்ல நாள் இல்லை, நான்காவது புடவை என்று சொன்னேனே. வேலூருக்கு ஒரு மணி நேரம், வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது என்றாள். உன் அம்மா பஸ் ஏறி எவ்வளவு நாள் ஆயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வயதும் இல்லை, யோக்கியதையும் கம்மி. ஒன்று மட்டும் எழுதுகிறேன். உன் மனைவி பிள்ளை பெற்றுவிட்டு வந்தால் குழந்தையின் எடையைக் கேட்பதோடு நிற்காதே. அடக்க முடிகிறதா என்று கேள். இந்த வார்த்தைகளிலேயே கேள். 'உடம்பு எப்படி இருக்கு' என்று பொதுவாகக் கேட்டால் 'இருக்கு' என்றுதான் பதில் வரும். டாக்டரிடம் எவ்வளவு கிழிந்தது, எதைத் தைத்தீர்கள் என்று கேள். கேட்டால் மாமியார் முகம் சுளிப்பார், நர்ஸ் சிரிப்பாள், சிரிக்கட்டும். யாராவது ஸ்கேன் நார்மல் என்றால், எதைப் பார்த்த ஸ்கேன் என்று கேள். அவள் விசித்திரமாக ஏதாவது கேட்டால், நாறுகிற தெருவில் வீடு வேண்டும் என்றாலும்கூட, கத்தாதே. அவளிடம் ஒரு கணக்கு இருக்கும். அது உனக்குத் தெரியாது.

அவள் வருவாளா என்று தெரியவில்லை. வந்து பார்த்தால் சரியாகுமா என்றும் தெரியவில்லை. இரண்டும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. தெரிந்தவரை செய்ய இருப்பதை எழுதி வைக்கிறேன்:

1. நாளை கொடியேற்றம் முடிந்ததும் பைக்கில் வேலூர் வரை போவேன். வழியில் இருக்கிற ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் பெண்கள் கழிப்பறை திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொல்வேன். பங்க்கில் சிரித்தால் சிரிக்கட்டும்.

2. திங்கட்கிழமைக்கு ஆம்னி வேன் பேசிவிட்டேன். சீட்டில் ரப்பர் ஷீட்டை நான் விரிப்பேன், அவளை விரிக்க விடமாட்டேன். டிரைவரிடம் 'நிறுத்து' என்று நான்தான் சொல்வேன், அவள் சொல்ல வேண்டி வராது.

3. உன்னை எஸ்தர் பெரியம்மாவிடம் விடுவேன். எதற்குப் போகிறோம் என்று பெரியம்மாவிடம் சொல்லலாமா என்று முதலில் உன் அம்மாவிடம் கேட்பேன். அவள் சொல்கிறபடி நடப்பேன்.

4. உள்ளே விட்டால் அவள் தலைமாட்டில், திரைக்கு முதுகைக் காட்டி நிற்பேன். படம் எப்படி வந்திருக்கிறது என்று திரும்பிப் பார்க்கமாட்டேன்.

5. வளையம் அறுந்திருந்தால், அடுத்து என்ன என்று கேட்பேன். அறுந்திருக்காவிட்டால் 'நல்ல வேளை' என்று சொல்லமாட்டேன். நரம்புக்கும் அழுத்தத்துக்கும் டெஸ்ட் எப்போது என்று கேட்பேன், அவள் காதில் விழுகிற மாதிரி சத்தமாக.

6. திங்கட்கிழமை காலையிலும் வரமாட்டேன் என்றால் கத்தமாட்டேன், பிரசங்கம் பண்ணமாட்டேன். வேன் வாசலில் நிற்கட்டும். அவள் பக்கத்தில் தரையில் உட்காருவேன். எனக்குக் காத்திருக்க வராது, அது அவளுக்குத் தெரியும். ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்கமாட்டேன்.